பச்சைத் தண்ணி

மனுவேல் தாண்டிக்குடிக்குப் புறப்பட்டபோது மோட்டார் ரூம் சாவியையும் ஜூலியையும் அனிட்டாவிடம் விட்டுவிட்டுப் போனார். சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜூலியைப் பற்றி கேட்டைத் தாண்டிய பிறகும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனார்.

“காலையில பால் வைக்காத தங்கச்சி, வயித்தால போகும். சோறு மட்டும் போதும். ராத்திரி கட்டிப் போட்டா ஊளையிடுவா, அவுத்தே விட்டுரு. நாளைக்குச் சாயங்காலம் நான் வந்துருவேன்.”

“போயிட்டு வாங்கண்ணே. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானத்தை முடிச்சுட்டு நிம்மதியா வாங்க. இத நான் பாத்துக்கிறேன்.”

அப்படிச் சொன்னாளே தவிர, அனிட்டாவுக்கு நாய் என்றாலே ஆகாது. விரித்த வெள்ளை விரிப்பில் சேற்றுக்காலோடு ஏறிவிடுமோ, வந்தவர்களைப் பார்த்துக் குரைத்துவிடுமோ என்று எப்போதும் ஒரு பதைப்பு. அட்டுவம்பட்டியில் சரிவை ஒட்டிக் கட்டின அந்தத் தங்கும் விடுதிக்கு அவள்தான் எல்லாம்: அறை பெருக்க, படுக்கை மாற்ற, காபி போட. மனுவேல் காவலாளி. அனிட்டாவும் அவள் புருஷன் டிக்சனும் விடுதிக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார்கள். டிக்சனின் டாக்சி ராத்திரியில் விருந்தாளிகளின் கார்களோடு சேர்ந்து முன்வாசல் சிமெண்டுத் தரையில்தான் நிற்கும்.

மறுநாள் விடிந்தபோது பனிமூட்டம் கேட்டுக்கு வெளியே எதையும் காட்டவில்லை. டிக்சன் ஒரு புதுத் தம்பதியை ஏற்றிக்கொண்டு கூக்கால் ஏரியைக் காட்ட வெள்ளனே கிளம்பிப் போயிருந்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நான்கு பையன்களும் பழனிக்கு இறங்கிப் போகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களில் கார் ஓட்டி வந்த குமரகுரு அறைச் சாவியை அனிட்டாவின் கையில் கொடுத்து, “சூப்பரா இருந்துச்சுக்கா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அனிட்டா வாசலைக் கூட்ட வந்தபோது, கார்கள் நின்ற இடத்தில் தரையோடு முகத்தை வைத்து ஜூலி எதையோ நக்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பள்ளமான இடம்; ஒரு தட்டளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. விரட்டலாம் என்று துடைப்பத்தை ஓங்கினவள், தண்ணிதானே குடிக்குது, குடிச்சுட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதை அன்று முழுக்க நினைத்து நினைத்து மறுகப்போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அடுப்பில் உலை கொதித்து இறக்குவதற்குள் ஜூலி சமையலறை வாசலுக்கு வந்தது. வந்த விதம்தான் சரியில்லை. பின்கால்கள் ஒரு பக்கமும் முன்கால்கள் ஒரு பக்கமுமாக இழுத்தன. படியில் ஏறப் பார்த்துச் சரிந்து விழுந்தது. எழுந்து மறுபடி விழுந்தது.

முதலில் அனிட்டாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. “என்னடி, ராத்திரி பசங்களோட சேந்து நீயும் ஊத்திக்கிட்டியா?”

ஜூலி அவள் காலடியில் வாந்தி எடுத்தது. மஞ்சளாக, நுரை நுரையாக. பிறகு வாளித் தண்ணீரில் வாயை வைத்து நிறுத்தாமல் குடித்தது. அதையும் வாந்தி எடுத்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்த கண் அவளைப் பார்க்கிற கண்ணாக இல்லை.

சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. விஷம் வைத்துவிட்டார்களா? பக்கத்துக் காரட் தோட்டத்து மருந்து எதையாவது நக்கிவிட்டதா? ராத்திரி முழுக்க நாய் கேட்டுக்குள்தான் கிடந்தது. வேறெதையும் தின்ற மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் அந்தத் தட்டளவுத் தண்ணீர் ஞாபகம் வந்தது. வாசலுக்கு ஓடினாள்.

சிமெண்டுத் தரையில் ஒன்றல்ல, பல கறைகள் இருந்தன. மதிலோரம் கறுப்பாக ஒன்று. நடுவில் ஈரத் திட்டு ஒன்று. கேட்டுப் பக்கம், ஜூலி நக்கிய இடத்தில், மிச்சமாகக் கொஞ்சம் பளபளப்பு. அவளுக்கு எல்லாம் ஒரே அழுக்காகத்தான் தெரிந்தது. டிக்சனைக் கூப்பிட்டாள். பூம்பாறை தாண்டினால் போனில் பாதிப் பேச்சுதான் கேட்கும். நல்லவேளையாக எடுத்தான்.

“என்னங்க, ஜூலி வாசல்ல கெடந்த தண்ணியக் குடிச்சுட்டு விழுந்து விழுந்து எந்திரிக்குது. வண்டியில இருந்து ஒழுகுன தண்ணி. அது என்ன தண்ணிங்க?”

“ஏசித் தண்ணியா இருக்கும். அது வெறுந்தண்ணி, ஒண்ணும் பண்ணாது.”

“இந்தக் குளுர்ல எவன் ஏசி போடுவான்?”

“பனியில கண்ணாடி வெளுத்துப்போகும்ல, அதுக்குப் போடுவாக. சரி, எத்தன எடத்துல ஒழுகிக் கெடக்கு?”

“மூணு எடத்துல. செவுத்தோரம் கருப்பா ஒண்ணு.”

“அது நம்ம வண்டி. இன்ஜின் ஆயில், பழைய கறை. அத விடு. மத்த ரெண்டையும் வெள்ளப் பேப்பர் எடுத்துத் தொட்டுப் பாரு. தரையில எல்லாமே தண்ணி மாதிரிதான் தெரியும், வெள்ளையிலதான் நெறம் தெரியும்.”

விருந்தாளிகள் மேசைக்கு வைக்கிற டிஷ்யூ பேப்பரை உருவிக்கொண்டு வந்து, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நடுவிலிருந்த ஈரத்தில் ஒற்றி எடுத்தாள். பேப்பர் நனைந்ததே தவிர நிறம் ஏறவில்லை.

“இது தண்ணிதாங்க.”

“அதான் ஏசி. இன்னொண்ணு?”

கேட்டுப் பக்கம் நகர்ந்து ஒற்றினாள். வெள்ளைப் பேப்பரில் இளம் வாழைக்குருத்து நிறம் ஏறியது.

“பச்சையா இருக்குங்க.”

“செவப்போ காப்பிக் கலரோ இல்லையே? நல்லாப் பாத்துச் சொல்லு. செவப்புன்னா ஸ்டியரிங் ஆயிலா இருக்கும். எண்ணெய் மாதிரி வழவழன்னு, நெறம் கம்மியா இருந்தா பிரேக் ஆயில்.”

“பச்சைதான்.”

“வெரல்ல தேய்ச்சுப் பாரு. மோந்து பாரு. நாக்குல வச்சுராத!”

தேய்த்தாள். சோப்புத் தண்ணி போல வழுக்கியது. மோந்தாள். ஆறிப்போன மிட்டாய்ப் பாகு மாதிரி ஒரு வாடை, அடியில் மருந்து நெடி. “இனிப்பா வாடை அடிக்குது.”

அந்தப் பக்கம் டிக்சன் வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. “கூலண்ட் அது. ரேடியேட்டர்ல ஊத்துறது. இன்ஜின் சூடாகாம இருக்க. இனிப்பா இருக்கும்னுதான் நாயி பூனையெல்லாம் நக்கும். அது விஷம், அனிட்டா.”

அனிட்டா வழுக்கின விரலைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். அதோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. “நம்ம வண்டிதான் ஒழுகுதா? நீங்க ரோட்டுல போயிக்கிட்டு இருக்கீங்களே!”

“நம்ம வண்டி இல்ல. நான் ஊத்துறது பச்சைத் தண்ணி.”

“பச்சைன்னுதானே நானும் சொல்றேன்!”

“ஐயய்ய! பச்சைத் தண்ணின்னா வெறுந்தண்ணி, கொழாத் தண்ணி! கூலண்ட் முடிஞ்சு போச்சு, ரெண்டு மாசமா நான் கொழாத் தண்ணிதான் ஊத்துறேன்.”

“கூலண்ட் ஊத்தியாச்சுன்னு அன்னைக்குச் சொன்னீங்க?”

பதிலுக்குக் கரகரவென்ற இரைச்சல் வந்தது. நிஜமாகவே சிக்னல் போனதோ, அவன் வைத்துவிட்டானோ. மறுபடி வந்தபோது அவன் குரல் அவசரமாக இருந்தது. “அப்போ அந்தப் பசங்க வண்டிதான். அவங்களக் கூப்பிட்டுச் சொல்லு, மலையெறங்குறப்ப இன்ஜின் வெந்துரும். அந்த எடத்துல மண்ணள்ளிப் போட்டு மூடு, வேற எதுவும் வாய் வச்சுரப் போகுது. வெரசா டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போ.”

மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, பேப்பரை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். குமரகுருவுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி அடித்தாள். அதே பெண் குரல், அதே பதில்.

காரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகும் சிவமுருகனின் பிக்கப் சரிவில் இறங்கி வந்தது. நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றாள்.

“என்னக்கா, சாகப் போறியா?”

“தம்பி, ஜூலிக்கு முடியல. நாயுடுபுரத்துல நாய் டாக்டரம்மா இருக்காங்கள்ல, அங்க கொண்டுபோயி விட்டுரு.”

வாழ்நாளில் முதல்முறையாக அவள் ஒரு நாயைத் தூக்கினாள். எதிர்பார்த்ததைவிட கனமாக இருந்தது. அதைவிட, வெதுவெதுப்பாக இருந்தது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். வண்டி ஒவ்வொரு வளைவில் திரும்பும்போதும் ஜூலியின் தலை அவள் கையில் உருண்டது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் குமரகுருவுக்கு அடித்துக்கொண்டே வந்தாள். மனுவேல் அண்ணனிடம் என்ன சொல்வது? நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தண்ணி என்று நினைத்து விட்டுவிட்டேன் என்றா? பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு மனுஷன் வாய்விட்டுப் பேசுவதே இந்த நாயோடுதான். மாதாவே, மாதாவே என்று உதடு தானாக முணுமுணுத்தது.

டாக்டர் ராஜகுமாரி அப்போதுதான் கிளினிக்கைத் திறந்திருந்தாள். நாயின் கண்ணைப் பார்த்தாள், ஈறை அழுத்திப் பார்த்தாள், அனிட்டா நீட்டிய பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“எப்போ குடிச்சது?”

“இப்பத்தான் மேடம், விடிஞ்சதும். நான் கண்ணால பாத்தேன்.”

“பாத்தது நல்லதாப் போச்சு. பலபேர் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கொண்டு வருவாங்க, அப்போ கிட்னி போயிருக்கும்.” டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டே பேசினாள். “கூலண்ட் உள்ள போனதும் ஈரல் அதைப் பிரிக்கும். பிரிச்சா விஷம். ஆல்கஹால் குடுத்தா, ஈரல் அந்த வேலைய விட்டுட்டு ஆல்கஹாலப் பாக்கப் போயிரும். அதுக்குள்ள கூலண்ட் அப்படியே ஒண்ணுக்குல வெளிய வந்துரும். ஆனா அது கூலண்ட்தான்னு எனக்கு உறுதியாத் தெரியணும். வேற எதுவாவது இருந்து, நான் ஆல்கஹால் ஏத்தினா, ஏற்கெனவே தள்ளாடுற நாய் தாங்காது.”

“எங்க வீட்டுக்காரர் டிரைவர் மேடம், அவரு சொன்னாரு…”

“அவர் போன்ல சொன்னார். வண்டிக்காரர்கிட்டக் கேக்க முடியாதா?”

அனிட்டா கிளினிக் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். போன் அடிக்காமலே அடிப்பது போலக் காதில் கேட்டது. ஒருமுறை மணி போயிற்று, எடுக்கவில்லை. பிறகு துண்டிப்பு. பிறகு மறுபடி மணி.

“ஹலோ அக்கா? சார்ஜரை விட்டுட்டு வந்துட்டோமா?”

“தம்பி, எங்க இருக்கீங்க?”

“கீழ இறங்கிட்டு இருக்கோம், இட்லிக்கு நிறுத்தியிருக்கோம்.”

“வண்டிய எடுக்காதீங்க! உங்க வண்டியில கூலண்ட் ஒழுகுது. அதை எங்க நாய் குடிச்சுருச்சு. உங்க கூலண்ட் என்ன நெறம்? பச்சையா?”

“பச்சைதான். போன வாரம்தான் ஹோஸ் மாத்திப் புதுசா ஊத்தினாங்க… இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்.” பானெட்டைத் தூக்கும் சத்தமும், யாரோ ‘டேய்’ என்று கத்துவதும் கேட்டது. “அக்கா, டப்பா காலி. அடியில பச்சையா ஒட்டிட்டு இருக்கு. ஹோஸ் கிளிப்ல இருந்து சொட்டுது.”

“சூடா இருக்கறப்ப மூடியத் தொறந்துராதீங்க” என்றாள். இது டிக்சன் எப்போதோ யாருக்கோ சொன்னது. போனை டாக்டரின் காதில் வைத்தாள். டாக்டர் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

“சரி. இதுக்குன்னு இருக்கிற மருந்தை வரவழைக்க ரெண்டு நாளாகும். எனக்கு வோட்கா வேணும். பிராந்தி, ரம் வேணாம். நிறமில்லாதது, வாசனை எதுவும் சேக்காதது. உடனே.”

அனிட்டா சிவமுருகனைப் பார்த்தாள். சிவமுருகன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான்.

“கடை மத்தியானம்தான்க்கா தொறக்கும்” என்று காலண்டரிடம் சொன்னான். பிறகு தொண்டையைக் கனைத்தான். “வண்டி சீட்டுக்கடியில ஒண்ணு கெடக்கு. ஆனா அது பிராந்தி.”

“ஆகாது” என்றாள் டாக்டர்.

அனிட்டாவுக்கு அந்தப் பையன்கள் காலி செய்த அறை ஞாபகம் வந்தது. இன்னும் பெருக்கவில்லை. ராத்திரி தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது மேசையில் பாட்டில்கள் நின்றதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தாள். “வண்டிய எடு தம்பி” என்றாள்.

மார்க்கெட்டில் காரட்டுக்கு ஆள் காத்திருக்கிறார்கள் என்று சிவமுருகன் ஒருமுறைதான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில், குப்பைக் கூடையில், அலமாரியில் எல்லாம் தேடினாள். பீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், எலுமிச்சைத் தோல். குளியலறை ஜன்னல் விளிம்பில், ஷாம்புக்குப் பக்கத்தில், தண்ணீர் போல ஒரு பாட்டில் நின்றது. கால்வாசிக்கு மேல் மிச்சம் இருந்தது. லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். வோட்காதான்; ஆரஞ்சு, ஆப்பிள் என்று எதுவும் போடவில்லை. மூடியைத் திறந்து மோந்தாள், மூக்கு எரிந்தது. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினாள். கேட்டில் எதிர்ப்பட்ட பங்கு ஆலயத்துச் சகோதரி, “பூசைக்கு வரலையா அனிட்டா?” என்று கேட்டதற்கு, “வர்றேன் சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

டாக்டர் அளந்து எடுத்து, மருந்து நீரோடு கலந்து, ஜூலியின் முன்காலில் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் ஜூலி முழு போதையில் நாக்கைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட்டது. இனிமேல்தான் காத்திருப்பு என்றாள் டாக்டர். ஒண்ணுக்கு இருக்க வேண்டும். அது இருந்தால் கிட்னி வேலை செய்கிறது. இல்லையென்றால்… டாக்டர் அடுத்து வந்த ஆட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

அனிட்டாவால் உட்கார முடியவில்லை. நின்றாள், உட்கார்ந்தாள், நாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், அடியில் விரித்த துணி நனைந்திருக்கிறதா என்று தடவினாள். புது விருந்தாளிகள் வருகிற நேரம். முதலாளி திண்டுக்கல்லிலிருந்து கூப்பிட்டபோது, “ரூம் ரெடியாயிரும் சார்” என்று பொய் சொன்னாள். மதியம் மனுவேல் கூப்பிட்டார். பின்னால் பாட்டும் பிள்ளைகள் சத்தமும் கேட்டது.

“தங்கச்சி, ஜூலி சாப்பிட்டாளா?”

குறட்டை விட்டுக் கிடந்த நாயைப் பார்த்தாள். “தூங்குதுண்ணே.”

“இந்நேரத்துல தூங்க மாட்டாளே.”

“வெயில் அடிக்குதுல்லண்ணே, அதான்.”

வெளியே மழைத்தூறல் விழுந்துகொண்டிருந்தது. போனை வைத்ததும் விடுதிக்கு ஓடி அறைகளைச் சரிசெய்துவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடி வந்தாள். துணி காய்ந்தே கிடந்தது.

சாயங்காலம் டிக்சன் பஸ் ஸ்டாண்டுக்கே போய் மனுவேலை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். கையில் பலகாரப் பையோடு வெள்ளை வேட்டியில் வந்த மனுஷன், அவளைப் பார்க்காமல் நேரே போய் ஜூலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அது கண்ணைத் திறக்கவில்லை. வால் நுனி மட்டும் ஒருமுறை தரையைத் தட்டியது.

“அது குடிக்கிறதப் பாத்தேண்ணே” என்றாள் அனிட்டா. “விரட்டியிருக்கணும். தண்ணின்னு நெனச்சுட்டேன்.”

மனுவேல் ஜூலியின் காதை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தார். “நான் இருந்திருந்தாலும் தண்ணின்னுதான் நெனச்சிருப்பேன்” என்றார் கடைசியில். “ஆனா தூங்குறான்னு சொல்லியிருக்கக் கூடாது தங்கச்சி. நான் அங்க பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

அனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று ராத்திரி மனுவேல் அங்கேயே படுத்தார். அனிட்டாவும் தூங்கினாளா என்றால் இல்லை. டிக்சன் போர்வைக்குள்ளிருந்து, “படு, படு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொழாத் தண்ணி விஷயத்தை அவள் இன்னும் எடுக்காததே அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

விடிந்ததும் காபி பிளாஸ்கோடு கிளினிக்குக்குப் போனாள். மனுவேல் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். அவர் வெள்ளை வேட்டி மடியிலிருந்து முழங்கால்வரை நனைந்து மஞ்சளாக இருந்தது.

“இருந்துட்டா! மடியில படுத்திருந்தா, அப்படியே இருந்துட்டா! ஒரு குடம் இருக்கும் தங்கச்சி!”

ஞானஸ்நானத்துக்குக் கட்டின வேட்டியைப் பரிசு வாங்கினவர்போல விரித்துக் காட்டினார். அனிட்டா பிளாஸ்கைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் எட்டிப்பார்த்து, இன்னும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், சந்தோஷப்பட அவசரப்படாதீர்கள் என்றாள். ஆனால் அவள் முகமும் நேற்று மாதிரி இல்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னி தப்பித்திருந்தது. குமரகுரு பழனியில் ஹோஸ் கிளிப் மாற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்து, தினமும் நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினான். டிக்சன் கூலண்ட் வாங்கி ஊற்றினான். காலி டப்பாவை அவள் கண்ணில் படும்படி ஜன்னலில் வைத்தான்.

ஜூலி வீடு திரும்பிய அன்று அனிட்டா சோற்றில் கொஞ்சம் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு காவல் அறைப் பக்கம் போனாள். தன்னைக் கண்டதும் ஓடி வந்து காலைச் சுற்றும் என்று நினைத்தாள். ஜூலி அவளைப் பார்த்தது. பிக்கப்பும் ஊசியும் எரிச்சல் மருந்தும் அதற்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு மனுவேலின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்து, அங்கிருந்து மெல்ல உறுமியது.

“ஏய் ஜூலி, நம்ம அனிட்டாடி!” என்று மனுவேல் சங்கடப்பட்டார்.

“கெடக்கட்டும்ணே” என்றாள் அனிட்டா. தட்டைத் தரையில் வைத்து, அது வருவதற்கு வசதியாக நாலு எட்டுப் பின்னால் போய் நின்றாள். ஜூலி வரவில்லை. மேலே அறையில் மாற்ற வேண்டிய விரிப்புகள் கிடந்தன. இன்னும் கொஞ்சம் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மறைந்து நின்றுகொண்டாள்.